இடது முழங்கை

டுலூத்தில் ஏரி உறையத் தொடங்கும் வாரங்கள்தான்
எங்களுக்கு வியாபாரம்.
பழைய தோல் ஜாக்கெட்டுகள், எழுபது டாலரிலிருந்து.
ஜிப் மாற்றுவதும் உள்துணி தைப்பதும் என் வேலை.
விலை சொல்வது வெர்லின்.

செம்மறித்தோல் முதல் நாளே குழையும்,
எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவன் மாதிரி.
மூன்றாம் குளிர்காலத்தில்
தோள்பட்டையில் பிய்ந்து நிற்கும்.
மான்தோலுக்கு முழங்கையில் பை விழுந்துவிடும்;
ஹாங்கரில் மாட்டினாலும்
உள்ளே யாரோ கை மடக்கியிருப்பதுபோல் தொங்கும்.
என்னுடையது வெள்ளாட்டுத்தோல், பதினோரு வருஷம்.
மழை, சாலையில் தூவும் உப்பு, நாயின் பல்
எதுவும் அதில் ஏறவில்லை.
புதுசா என்று கேட்கிறார்கள்.
ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

குதிரைத்தோல் விஷயம் வேறு.
முதல் வருஷம் அதுதான் உங்களை உடுத்திக்கொள்ளும்.
காரில் உட்கார்ந்தால் காலர் தாடையில் இடிக்கும்.
கழற்றித் தரையில் வைத்தால்
கோபித்துக்கொண்ட பிள்ளைபோல்
தானாகவே நிற்கும்.
பிறகு ஒருநாள் (எந்த நாள் என்று
போட்டவனுக்கே தெரியாது)
முழங்கையில் ஒரு கோடு விழும்.
அடுத்த மடிப்பும் அதே கோட்டில்,
அதற்கடுத்ததும்.
கறுப்புச் சாயம் அங்கே உதிர்ந்து
அடியிலிருக்கும் தேநீர்ப் பழுப்பு எட்டிப் பார்க்கும்.

நவம்பரில் இர்யா ஒன்றைக் கொண்டுவந்தாள்,
வாசலில் கார் எஞ்சினை அணைக்காமல்.
கணவருடையதா என்றார் வெர்லின்.
எவ்வளவு தருவீர்கள் என்றாள்.

வலது கை முழுக்கப் பழுப்பு,
வறண்ட குளத்தின் தரைபோல் வெடித்து.
இடது கையோ வாங்கிய அன்றைய கறுப்பு.
ஒரே ஒரு மடிப்பு முழங்கையில்,
கத்தி வைத்துக் கீறியதுபோல் ஆழமாக.
இடப்பக்கப் பை மட்டும் வாய் பிளந்திருந்தது.

வெல்டர் ப்ராடி அதை முந்நூற்று நாற்பதுக்கு வாங்கினான்.
மூன்றே வாரத்தில் திரும்பி வந்தான்.

"இடது கை நீள மாட்டேன் என்கிறது.
ஸ்டீயரிங்கைப் பிடித்தால்
நழுவிப் போய்ப் பைக்குள் நுழைந்துகொள்கிறது.
ஏன் எப்போதும் ஒரு கையாலேயே கட்டிப்பிடிக்கிறாய்
என்று கேட்கிறாள் டேவா."

ஆவி காட்டினேன். உள்ளங்கையால் தேய்த்தேன்.
சப்பாத்திக் கட்டை மாதிரி ஒன்றை உருட்டிப் பார்த்தேன்.
சூடு ஆறியதும் கோடு
தன் இடத்தில் வந்து படுத்துக்கொண்டது.
சரி, உள்ளேயிருந்து இழுத்துப் பார்க்கலாம் என்று
பையின் உள்துணியைப் பிரித்தேன்.

அடியில் ஒரு துணி வளையம்.
மணிக்கட்டு நுழையும் அளவு.
தையல்காரர் கை பட்டதில்லை அது,
போர்வை தைக்கும் தடித்த சிவப்பு நூல்,
கோணல் மாணலாய், ஆனால் மூன்று சுற்று,
பிய்ந்த இடத்தில் இன்னொரு நிறத்தில் மேலும் இரண்டு.
ப்ராடி தன் கையை நுழைத்தான்.
சரியாகப் பொருந்தியது.
அவசரமாக வெளியே எடுத்தான்.

பதிலுக்குக் கன்றுத்தோல் ஒன்றை எடுத்துக்கொண்டு,
மீதிக் காசைக்கூடக் கேட்காமல் போனான்.

வளையத்தை அறுத்துவிடு, விற்காது, என்றார் வெர்லின்.
அறுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது கடை அடைத்து, விளக்கணைக்கும் முன்
அதை மாட்டிக்கொண்டு
இடது கையை இருபது முறை மடக்கி நீட்டுகிறேன்.
எனக்கு இரண்டு அளவு பெரிது.
ஜன்னலுக்கு வெளியே கல்லுப்பு லாரி போகிறது.

பிப்ரவரி கடைசியில்
பழைய கோட்டுக்கு அரை விரல் மேலே
முடி கனத்தில் இன்னொன்று.
விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.
நகத்தால் தடவிப் பார்த்தேன்.
இன்னும் கறுப்புதான்.