மீட்புச் சோதனை

பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலை.
இரண்டாம் மாடியில், சன்னலே இல்லாத அறையில்
பதினெட்டு டிகிரிக் குளிரில்
எல்லாருடைய மின்னஞ்சலும் என் பொறுப்பு.
எதையும் வாசிப்பதில்லை. எண்ணுவேன்.
போன மாதக் கணக்கில்
பதினோரு லட்சத்து நாற்பதாயிரம்.

ஏழு வருடம் போதும் என்கிறார் கணக்காளர் சியூ லான்.
பத்து, பன்னிரண்டு என்று கிடக்கிறது.
அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட
மேலே ஒருவருக்கும் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஹஃபிஸ் வேனோடு வருவார்.
நீலப் பெட்டியில் ஆறு நாடாக்கள்
பாலம் தாண்டிப் பிறைக்குப் போகும்.
ஒரு நகலாவது வேறு கூரையின்கீழ் இருக்கவேண்டும்.
இங்கே தீப்பிடிக்கும், அங்கே வெள்ளம் ஏறும்,
இரண்டும் ஒரே நாளில் வராது என்று
ஒரு நம்பிக்கையில் ஓடுகிற ஏற்பாடு.

வருடம் ஒருமுறை சோதனை.
ஏதாவது ஒரு நாடா, ஏதாவது ஒரு தேதி,
ஏதாவது ஒரு கடிதம்
மீட்டு எடுத்துக் காட்டவேண்டும்.
எடுத்துப் பார்க்காத நகல்
நேர்ந்துவிட்டுத் தூக்காத காவடி:
மனசில் இருக்கும், தோளில் இருக்காது.

இந்த வருடம் வந்தது
ஸ்டோரில் இருந்த தான் பூன் ஹெங்
எல்லாருக்கும் எழுதியது.
‘மூன்றாம் மாடிக் குளிர்பெட்டியில்
யாரோ டுரியான் வைத்திருக்கிறீர்கள்.
இன்றே எடுத்துவிடவும்.
அல்லது எனக்கும் தரவும்.’
பூன் ஹெங் வேலையை விட்டுக் கோலாலம்பூர் போயாயிற்று.
அந்தக் குளிர்பெட்டியும் இல்லை.
வாசனை தவிர
ஓர் எழுத்துக் குறையாமல் வந்து சேர்ந்தது.
படிவத்தில் எழுதினேன்: மீட்பு வெற்றி.
கையெழுத்து: மு. தவமலர்.

அன்றிரவு குளுகோர் வீட்டில்
பதினான்காம் மாடியில்
எனக்கே வெட்கமாக வந்தது.
ஊரார் கடிதத்துக்கெல்லாம் காவல்;
சொந்த வட்டு அலமாரியில்,
பாஸ்போர்ட்டுக்கும் கூறைச்சேலைக்கும் நடுவில்,
நாலு வருடமாய்த் தொடாமல்.
இருநூற்று எண்பத்தொன்பது வெள்ளி கொடுத்து வாங்கியது.

சொருகினேன்.
டிக் டிக் என்றது. வயிறு கலங்கியது.
பிறகு சுற்றத் தொடங்கியது.
கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியைத் தொட்டேன்.

மின்சார பில்.
சின்னவன் முதல் வகுப்புப் படித்த வருடம், ஆகஸ்ட்.
பத்தொன்பது வெள்ளி எழுபது காசு.

முதலில் சிரித்தேன்,
இந்த வீட்டுக்கு இவ்வளவு குறைவாய் ஒரு பில்லா என்று.
ஜூலை நூற்று நாற்பத்திரண்டு.
செப்டம்பர் நூற்று முப்பத்தெட்டு.

ஆகஸ்ட்.
நானும் சின்னவனும்
சுங்கைப்பட்டாணியில் அக்கா வீட்டில் இருந்த ஆகஸ்ட்.

இவர் இங்கேதான் இருந்தார்.
ஏர்கோன் போடவில்லை.
துணி துவைக்கவில்லை.
பத்தொன்பது வெள்ளிக்கு
குளிர்பெட்டி மட்டும்தான் ஓடியிருக்கும்.
ஹாலில் ஒரு விளக்காவது எரிந்ததா?
நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

அந்த மாதம் முழுக்கத் தேடினேன்.
வங்கி எழுதியிருக்கிறது, பள்ளிக்கூடம் எழுதியிருக்கிறது,
லங்காவிக்கு மலிவு டிக்கெட் என்று
மூன்று முறை எழுதியிருக்கிறார்கள்.
அவரிடமிருந்து எனக்கு இல்லை.
என்னிடமிருந்து அவருக்கும்.

‘என்ன தேடுறே இந்நேரத்துல?’
‘சோதனை.’
‘கிடைச்சுதா?’
‘ம்.’
‘லைட்ட அடைக்கவா?’
‘வேணாம். எரியட்டும்.’

நாளை இன்னொரு வட்டு வாங்கவேண்டும்.
ஒரு நகல் வேறு கூரையின்கீழ்.
அக்காவிடம் கொடுத்து வைக்கலாம்.
எதற்கென்று கேட்கமாட்டாள்.
அன்றைக்குப் போலவே, தட்டில் தோசையை வைத்துக்கொண்டே,
எப்போ திரும்ப எடுத்துட்டுப் போவே என்பாள்.