எடமில்லம்மா

ஒத்தக்கடை சார்பதிவாளர் ஆபீசில்
மின்விசிறி ஓடியது, காற்று வரவில்லை.
மணமகன் என்ற கட்டத்தில்
ஜெசிந்தா தன் பெயரை எழுதிவிட்டு
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எழுத்தர் பேனா மூடியைக் கடித்தார்.
'சட்டத்துல எடமில்லம்மா.'
ஏன் என்றதற்குச்
சட்டப் புத்தகத்தை அவர் தொடவேயில்லை.
நகைக்கடைக் காலண்டரைக் காட்டினார்:
பெருமாள் தாரை வார்க்க
சொக்கன் கையில் மீனாட்சி கை.
'சாமியே இப்படித்தான?'

அவளுடைய பங்குச்சாமியார்
வேறு படம் வைத்திருந்தார்,
இதே பதில்.
கோயிலில் பட்டர் மட்டும் யோசித்தார்:
'மொதல்ல சட்டம் வரட்டும் பாப்பா.'

சித்திரை வந்தது.
திருக்கல்யாணத்தன்று மாசி வீதி வெயிலில்
பெண்கள் பழைய கயிற்றைக் கழற்றிப்
புதுக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள்,
நெரிசலில், நின்றபடியே,
ஒருத்திக்கு இன்னொருத்தி பிடித்துக்கொடுத்து.

ஜெசிந்தா என் பின்கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.
முடிச்சுப் போடத் தெரியவில்லை அவளுக்கு,
விரல் நடுங்கியது.

'இறுக்கிப் போடு தாயி, அவுந்துரும்'
பக்கத்திலிருந்த அம்மாள்
தன் குங்குமத்தை நீட்டினாள்.
எனக்கு வைத்துவிட்டு,
மிச்சத்தை அவளுக்கும்.

'வீட்டுக்காரவுக வரலையா?'

'வந்திருக்காக' என்றேன்.