நாலு நீளம், ரெண்டு கட்டை

உவர்மலையின் தகரவேலிகளைக்
கச்சான் காற்று ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்க்கும் ஆடி மாதம்.
ஆய்வுகூடத்து விசிறி நின்று ஒரு மணித்தியாலம்.
வியர்த்த கைபேசிக்குள் பனியோடு வந்திறங்குகிறது
டெரன்ஸ் அனுப்பிய படம்:
கல்லிடுக்கில், சட்டைப் பொத்தானளவு மஞ்சள்.

"கேபிள் கார் கடைசித் தரிப்பிடத்துக்குப் பின்னால,
வாளி கழுவுற இடத்தில கண்டனான்.
பறிச்சால் தண்டம்.
என்ன பூ இது, செபமலர்?"

இதழ் எத்தனை?
நாலு.
சிலுவை மாதிரியோ?
ஓம்.
உள்ளே கேசரங்களை எண்ணு.
ஆறு. பொறு, நாலு நீளம், ரெண்டு கட்டை.

அப்படியெண்டால் கடுகுதான்.
கடுகின் குளிர்தேசத்து மச்சாள்.

"தாளிக்கலாமோ?"

புத்தகத்தைத் திறக்கிறேன்.
பக்கத்துக்குப் பக்கம் இரண்டிரண்டு வாசல்.
இலையின் மயிர் கிளைத்ததா, கிளைக்காததா?
படத்தில் தெரியவில்லை. போய்ப் பார், என்று எழுதினேன்.
வேலை முடிந்து,
யாரோ விட்டுப்போன தொலைநோக்கியைத் தலைகீழாய்ப் பிடித்து
ஈரக்கல்லில் குப்புறப் படுத்துப் பார்த்தானாம்.
"நட்சத்திரம். ஒவ்வொரு மயிரும் ஒவ்வொரு நட்சத்திரம்!"
துறைமுகத்தில் எட்டு வருடம்
கோதுமை மூட்டை எண்ணியவனின் ஆச்சரியக் குறி.

பிறகு, கேளாமலே:
"என்னட்டையும் இப்பிடித்தான் கேக்கிறாங்கள்.
எந்தத் திகதி, எந்தப் படகு, ஓமா இல்லையா.
ஒன்பது வருசம்.
மூண்டாவது வாசல் ஒண்டு இல்லை."

அதற்கு என்னிடம் புத்தகம் இல்லை.
யன்னலுக்கு வெளியே, மதிலோரம்,
ஒரு மான் நாய்க்கடுகைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.
அதற்கும் நாலு இதழ், அதே மஞ்சள்.
கேசரம் மட்டும் பத்துக்கு மேல்.
பெயரில்தான் கடுகு, குடும்பம் வேறு.
மான் எதையும் எண்ணவில்லை.

இரண்டு பெயர்கள் மிஞ்சின.
ஒன்று அந்த மலைகளில் எங்கும் கிடப்பது.
மற்றது ஒரேயொரு பள்ளத்தாக்கின் உச்சிகளில் மட்டும்.
காய் வந்தால் சொல்லலாம்,
வழுவழுப்பா, மயிரடர்ந்ததா என்று.
ஆவணி வரைக்கும் பொறு, என்றேன்.

"ஆவணியில நான் இங்க இருந்தால்."

தட்டச்சுப் புள்ளிகள் மூன்று
துள்ளுவதும் நிற்பதுமாய்.
விசிறி திடீரென்று சுழன்று
நான் விரல் வைத்திருந்த பக்கத்தைப் புரட்டிவிட்டது.

"சரி," என்று வந்தது கடைசியாய்.
"வாளியை இனி மற்றப் பக்கத்தில கழுவுறன்.
சவுக்காரத் தண்ணி
அதுக்கு மேலதான் ஓடுது."