கர்னல் வாய் திறக்கும் முன்

இரவு ஒன்றேகால்.
செம்பனை ஆலை, லோரி நிறுக்கும் மேடை.
மூன்று லோரிகள் எஞ்சினை அணைத்துக்கொண்டு நிற்கின்றன,
குலைகளில் இருந்து எண்ணெய் வாடை இறங்கத் தொடங்கிவிட்டது.
தராசுக்குள் இருக்கும் உள்ளங்கை அகலப் பலகை
விளக்கை மட்டும் எரிக்கிறது. பேச மாட்டேன் என்கிறது.

கர்னல் எழுந்ததா, எழும்போதே விழுந்ததா?
கேட்டுச் சொல்ல ஒரே வாய், ஒரு சீரியல் கம்பி.
கம்பியின் இந்த முனையில் நானும்
கறுப்புத் திரையும்.

நினைவகத்தைப் பங்கு போடும் ஆள்
இன்னும் வேலைக்கு வரவில்லை.
பக்க அட்டவணை, பாதி எழுதிய பேரேடு.
இந்த வேளையில் சாதனத்தின் கதவைத் தட்ட
கைமாற்று முகவரிதான் உண்டு:
முன்கூட்டியே ஒதுக்கி வைத்த இடங்கள்,
எண்ணி ஏழு.
எடுத்தவர் திருப்பி வைக்காவிட்டால்
பின்னால் கர்னலே பெயர் சொல்லித் திட்டும்.

இந்த ஊரும் அப்படித்தான்.
சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா,
லோரிக்கார அப்பளசாமிக்குப் பத்தாங் பெர்ஜுந்தை.
எந்தப் பெயரில் கிளம்பினாலும்
வந்து சேர்வது அதே ஆற்றோரம்,
பேருந்து நிற்காத அதே நிறுத்தம்.
பெயரில் பிழையில்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

"என்னாம்மா, சீட்டு வருமா வராதா?"
வரும் அண்ணே.
பொய்.

மணி மூன்று. கோப்பி ஓ ஆறி, பிளாஸ்டிக் பையில் தொங்குகிறது.
அப்போதுதான் கண்ணில் பட்டது, ஒரே ஒரு பிட்.
சாதனத்தைச் சாதாரண நினைவகம் என்று பதிந்திருக்கிறேன்.
செயலியும் நம்பிவிட்டது.
நான் அனுப்பிய ஒவ்வோர் எழுத்தையும்
கேஷில் போட்டுப் பத்திரமாக மூடியது.
கேஷ் என்றால் காசு இல்லைதான்,
ஆனாலும் கல்லாப்பெட்டிப் புத்தி.

ஆக, இந்த இரவு முழுதும் அது பேசிக்கொண்டுதான் இருந்தது.
சத்தம் கம்பி வரை வரவில்லை, அவ்வளவே.

பிட்டை மாற்றினேன்:
இது சாதனம், சேர்த்து வைக்காதே, உடனே கொடு.
மறுபடி மின்சாரம்.

ஓர் எழுத்து.
பிறகு ஒரு வரி.
பிறகு திரை நிறைய,
நினைவகத்தின் அளவைத் தப்பாகச் சொன்னேனாம்,
இதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்காதாம்.

சிரித்துவிட்டேன்.
வெளியே அப்பளசாமி ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்குகிறார்.
சீட்டு இன்னும் வரவில்லை.
சண்டை போட ஆள் வந்தாயிற்று.