நம்புத்தாய் அடியில் இருக்கிறாள்

நர்ஸு வந்து விரலில் கிளிப்பை மாட்டினாள்.
எண் விழவில்லை.
வேறு விரல். அதிலும் இல்லை.
கை சில்லிட்டிருக்கு, அதான் என்றாள்.
ரேஷன் கடை மிஷினும்
நாலு வருஷமாக இந்த விரல்களை நம்பவில்லை,
ரேகை முழுக்கப் பாறைக்குப் போய்விட்டது.
ஆள்காட்டியில் பாதி
அஞ்சாளை கொண்டுபோனது,
முயல்தீவுக்குத் தெற்கே, ஒரு மாசியில்.
அன்றைக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு
இன்னும் ரெண்டு பை எடுத்தாள்.
"கூலி விரலுக்கா பைக்கா?"

சின்னப்பாலத்தில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
மகன் செல்போன் வெளிச்சத்தைச்
சுவருக்குப் பிடித்தபடி நிற்கிறான்.
தாய் முகத்துக்குப் பிடிக்க மனசில்லை.

மூச்சு நின்றது.
மருமகள் தலைவிரித்து ஆரம்பித்துவிட்டாள்.
வாசலில் யாரோ பெஞ்சு கேட்டார்கள்.
நானும் செல்வராணியும் இருளாயியும் மட்டும்
வாய் திறக்கவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஒருத்தி முங்கினால்
மற்றவள் வல்லத்து விளிம்பைப் பிடித்து எண்ணணும்.
இருபதில் வெற்றிலை மெல்லலாம்.
நாற்பதில் தண்ணீரைப் பார்க்கணும்.
அறுபது தாண்டினால் குதிக்கணும்.
நம்புத்தாய்க்காக ஒருதரமும் குதித்ததில்லை.
ஐம்பத்தெட்டில், ஐம்பத்தொன்பதில்
சீழ்க்கை மூச்சோடு வருவாள்,
கை நிறைய மரிக்கொழுந்துப் பாசி,
வாய் நிறைய வசவு.

புருஷனைக் கடல் கொண்டதென்று ஊருக்குச் சொன்னாள்.
தூத்துக்குடியில் இன்னொருத்தியோடு
அவன் பரோட்டாக் கடை போட்டிருந்தது
எனக்குத் தெரியும்.
தாலியை விற்று
முங்குகிற கண்ணாடி ரெண்டு வாங்கினாள்.
ஒன்று எனக்கு.
அந்த வாரமே மேலே வந்து
"புதுசு, ஆனா ஒழுகுதுடி" என்றாள்.
வாங்கிப் பார்த்தேன்.
ரப்பர் இறுக்கமாகத்தான் இருந்தது.
தண்ணீர் உள்ளேயிருந்து வந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த முறை அவளுக்காக
மெதுவாக எண்ணினேன்.

வனத்துறைப் படகு மறித்த அன்று
மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்தாள்.
"எடுத்த இடத்துலயே போட்டாச்சு சார்,
இப்ப என்ன கேஸு?"
அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
எங்களுக்கு அன்றிரவு அடுப்பு எரியவில்லை.

நாற்பத்துநாலில் வந்தாள்.
அதே சீழ்க்கை.
மருமகள் பாதி ஒப்பாரியில் நின்றுபோனாள்.
கண்ணைத் திறக்காமலே
"ஏவாரி தராசைப் பாரு,
கல்ல வச்சிருப்பான்" என்றாள்.
பார்த்தாச்சு, சரியா இருக்கு என்றேன்.
"ஒனக்கு என்ன தெரியும்."

மறுபடி முங்கினாள்.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது.
யாரும் அதை நிறுத்தவில்லை.
அவள் நெற்றி மயிர் மட்டும்
நீரோட்டத்தில் போல அசைந்தது.
இருபது.
செல்வராணியின் உதடு என் உதட்டோடு ஒத்துப்போனது.
நாற்பது.
வாடைக்காற்று தகரத்தைத் தட்டிற்று.
ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தொன்பது.
நான் மெதுவாகத்தான் எண்ணினேன்.

அறுபத்தொன்று.
இருளாயி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.
எங்கே குதிப்பதென்று தெரியாமல்
என் முகத்தைப் பார்த்தாள்.