மீசை உள்ளவை ஆண்

அறுபத்திரண்டாம் பொறியைக் கவிழ்த்தால்
புளித்த பேரீச்சங் கஞ்சி, பழுப்புத் தண்ணீர்,
அதில் செவ்வண்டுகள்.
இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்து
மூக்கைப் பார்க்க வேண்டும்.
நுனியில் மீசை இருந்தால் ஆண்.
மழமழவென்று இருந்தால் பெண்.
பெண் முப்பத்தொன்று, ஆண் பதினான்கு.
ஹுஃபூஃப் தோட்டங்களில்
எனக்குச் சோறு போடும் கணக்கு இது.

பொறிக்குள் தொங்கும் பை
கட்டைவிரல் அளவு.
அதில் இருப்பது ஆணின் வாசம்.
ஆண் கிடையாது.

நிஜமானவன்
மரத்தைத் துளைத்து உட்கார்ந்து
தின்றதில் ஒரு பங்கை வாசமாக்கிக்
காற்றில் செலவழிப்பானாம்,
வருகிறவள் வரட்டும் என்று.
மற்ற ஆண்களும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள்,
அழைத்தவன் செலவில்.
அதனால் வந்தவள் முதுகைவிட்டு
இறங்காமலே கிடப்பதும் உண்டாம்.
சூடான்காரர் இத்ரீஸ் இதைச் சொல்லி முடிப்பதற்குள்
அவர் கையில் சுலைமானி ஆறிவிடும்.
"பை மூன்று மாதம் தாங்கும்" என்பார்.
நிஜமானவன் எவ்வளவு தாங்குவான் என்று
நான் கேட்டதில்லை.

எனக்கு முப்பத்தொன்பது.
மீசைக்கு மை தடவி
சேவியரண்ணன் கோட்டை இரவல் வாங்கி
எடுத்த போட்டோ
நான்கு வீடுகளுக்குப் போனது.
மூன்று வீட்டில் எத்தனை பவுன் போடுவார் என்றார்கள்.
ஒரு வீட்டில் மட்டும்
வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு என்றார்கள்.
மானாமதுரையில் மாடி எழுப்பியாயிற்று.
ஏழு வருஷச் சம்பளம்.
அதில் நான் தூங்கியது பதினோரு இரவு.
எட்டாம் இரவு கரண்ட் இல்லை.

நேற்று
வேனுக்குக் காத்திருந்தபோது போன்.
அந்த நாலாவது வீட்டுப் பெண்ணே பேசினாள்.
அமுதவல்லி.
தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட், குரலில் லேசாய்ச் சளி.
"அங்க என்ன வேலை?"
"பூச்சி" என்றேன்.
"பூச்சின்னா?"

விர்ரென்று வந்து
சட்டைக் கையில் உட்கார்ந்தது ஒன்று.
காலையில் பை கசிந்து நனைந்த அதே கை.
ஆறு காலாலும் துணியைப் பற்றி
ஏறி, முழங்கை மடிப்பில் நின்று,
இறங்கி, மறுபடி ஏறித்
தேடியது.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
குனிந்து பார்த்தேன்.
மீசை இல்லை.

சோப்புத் தண்ணீரில் போட வேண்டும், அதுதான் விதி.
வாளி இரண்டடி தூரத்தில் இருந்தது.

"ஹலோ" என்றாள்.
"இருக்கீங்களா?"