பதினான்காம் நாள்

அதானாவில், மூன்றாம் மாடி ஆய்வகத்தில்
பல்லடைக்கும் பிசினைச்
சட்டைப் பொத்தான் அளவு வில்லைகளாய் வார்த்து
கோலாவில் பத்து, எலுமிச்சைச் சாற்றில் பத்து,
ஷல்கமில் பத்து,
(கறுப்புக் கேரட்டைப் புளிக்கவைத்த நீர்,
தெருவெல்லாம் அதன் வாசம்)
ஊறப் போட்டிருந்தாள் செவ்தாப்.

இன்று ஊசிமுனை ஒவ்வொன்றின் மேலும் ஊர்ந்தது.
கண்ணுக்கு வழவழப்பு;
திரையில் கோடு
மேடும் பள்ளமுமாய்ப் பல்லிளித்தது.

வெறுந்தண்ணீரில் கிடந்த பத்து மட்டும்
போட்டது போட்டபடி.
"பாவம், இதுகள் ஒன்றையும் ருசிக்கவில்லை"
என்றாள், குறிப்பேட்டை மூடிக்கொண்டே.

மதியம் கெபாப் கடையில்
ஷல்கம், பெரிய கிளாஸ், காரம் போட்டு.
இடது கடைவாயில் போன வருஷம் அடைத்த பல்.
நாக்கு அங்கே போனது,
தடவிப் பார்த்தது,
அறிக்கை எதுவும் தராமல்
அடுத்த மடக்குக்கு வழிவிட்டது.